கிழவருக்கு ஒரு வாரம் வாய்தா

படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. பகலெல்லாம் அங்கிருந்து ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். சட்டம் போட வருகிறவர்கள் கூரையைப் பார்த்து, "மேல என்ன, மாவு மெஷினா?" என்று கேட்பார்கள். கடைக்காரர் மூலையில் ஆணி அடிப்பதை நிறுத்தாமலே, "என் தங்கச்சி ஆபீஸ்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தானாக ஒரு படி ஏறும்.

அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வெட்டப் போனவர். கண்ணாடி வெட்டுகிறவனுக்குக் கைநடுக்கம் கூடாது, அவசரம் கூடாது. இரண்டும் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. சட்டத்துக்கான மரத்தை அளந்தால் அளந்ததைத் திரும்ப அளப்பார். கடையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு கடை தாண்டிப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். "பூட்டுக்கே இவர் மேல கோபம் வந்துடும்" என்பாள் அவர் மனைவி.

தங்கை சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள். முடித்து வைத்த சட்டங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பிசிறு இருக்கு" என்பாள். இரண்டு மரத்துண்டுகள் சேரும் மூலையில் மயிரிழை அளவுக்கு நார் நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக் கொடுப்பார். மறுபடி பார்ப்பாள். மறுபடி, "பிசிறு" என்பாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவள் சொன்னால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். நம்ம கண்ணுக்கும் தப்பினது இவ கண்ணுக்குத் தப்பலையே என்று. அந்த வார்த்தையே அவளுக்குப் பெயராகிவிட்டது. கல்லூரியில் பட்டம் வாங்கி, வெளியூர்க் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்து, திரும்பி வந்து மாடியில் உட்கார்ந்த பிறகும் வீட்டில் அவள் பிசிறுதான்.

அவள் பார்க்கிற வேலை என்ன என்பதை அண்ணன் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். திரையில் ஒரு கோடு, ஒரு வட்டம், ஓர் எழுத்து, அதற்குக் கீழே மெல்லிய நிழல், இதையெல்லாம் வரைய ஒவ்வொரு புரோகிராம்காரரும் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. வரைகிற வேலையை மட்டும் எழுதித் தயாராக வைத்திருக்கிற தொகுப்பு ஒன்றை எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர். அப்படி ஒரு லைப்ரரி அவள் பொறுப்பில் இருந்தது. எழுதுகிறவர்கள் பல தேசத்தில் பல பேர். பழுது பார்ப்பதும், சோதிப்பதும், இனி வெளியே விடலாம் என்று சொல்வதும் அவள். முன்னால் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சலித்துப்போய் விலகியபோது, புதிதாக எதையாவது எழுத முண்டியடித்தவர்கள் எல்லோரும் இந்த வேலைக்கு மட்டும் முதுகைக் காட்டினார்கள். அவள் ஒருத்திதான் நான் பார்க்கிறேன் என்றாள்.

சிக்கல் எங்கே என்றால், திரையில் படம் காட்டுவதற்கென்று கம்ப்யூட்டருக்குள் ஓர் அட்டை இருக்கிறது. அட்டை செய்கிற கம்பெனிகள் பல. ஒவ்வோர் அட்டைக்கும் அதன் பாஷை தெரிந்த ஒரு புரோகிராம் உண்டு. அதுதான் டிரைவர். லைப்ரரி எல்லோரிடமும், "வட்டம் போடு" என்று ஒரே மாதிரிதான் சொல்லும். ஒரு டிரைவர் சொன்னபடி போடும். இன்னொன்று விளிம்பில் ஒரு புள்ளியை விழுங்கிவிடும். வேறொன்று வட்டத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டு நிழலில் கோட்டைவிடும். அதனால் எல்லா அட்டைகளையும் எதிரில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் அதே படங்களை வரையச் சொல்லி, மாதிரிப் படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். மாறின இடம் சிவப்பாகத் தெரியும். மாறாவிட்டால் பச்சை.

"இத்தனை டிரைவரை வீட்ல வச்சுக்கிட்டு, மழை பெஞ்சா என்னைக் கூட்டிட்டு வர ஒரு வண்டி வருதா பாரு" என்பாள் அண்ணி.

அறையின் மூன்று சுவரிலும் அண்ணன் அடித்துக் கொடுத்த பலகைத் தட்டுகள். தட்டுக்கு ஒரு பெட்டி. பின்னால் போகிற ஒவ்வொரு வயருக்கும் சட்டத்துக்கு ஒட்டுகிற காகிதத்தில் பெயர் எழுதி அவரே ஒட்டியிருந்தார். பெட்டிகளுக்குப் பெயர் வைத்தது அண்ணி. வண்ண வண்ணமாக விளக்கு எரிய, உட்கார்ந்த இடத்திலேயே சூடாகிற புதுப் பெட்டி 'மாப்பிள்ளை'. சின்னத் தப்புக்கெல்லாம் படமே போடாமல் நின்றுவிடுவது 'சிடுமூஞ்சி'. எல்லாவற்றுக்கும் கீழே, சன்னல் ஓரமாக, மூச்சு வாங்குகிற மாதிரி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது 'கிழவர்'. அதற்குள் இருந்த அட்டையைச் செய்த கம்பெனி அதற்கு டிரைவர் எழுதுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

சோதனை முடிந்ததும் தங்கை திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பதை அண்ணன் நின்று பார்த்திருக்கிறார். சிவப்பு வந்தால் உடனே டிரைவரைத் திட்டுகிற ஆள் இல்லை அவள். எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது என்பதில்தான் அவள் சாமர்த்தியம் இருந்தது. ஒரு வளைவின் ஓரத்தில் ஒரு புள்ளி கொஞ்சம் வெளிறியிருந்தால், "இது அவங்கவங்க கையெழுத்து" என்று விட்டுவிடுவாள். அதே அளவு மாற்றம் ஒரு நேர்கோட்டில் வந்தால் எழுந்து நிற்பாள்.

அந்தத் தடவை புதுப் பதிப்பு வெளியே போக வேண்டியிருந்தது. அதில் முக்கியமான சேர்க்கை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிற உருவங்களுக்கு இடையே விழுகிற மெல்லிய நிழல். எல்லாப் பெட்டியும் பச்சை. கிழவர் மட்டும் நிழல் படத்தில், கீழ்மூலையில், ஒரு கறையைப் போட்டுக்கொண்டிருந்தார். அழுக்கு விரலை வைத்து எடுத்த மாதிரி ஒரு கறை.

எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி ஒருவர் இருந்தார். தூர தேசத்தில் இருந்து திரையில் வந்து பேசுவார். பேசும்போது தாடியை வருடிக்கொண்டே பேசுவதால் வீட்டில் அவர் பெயர் தாடிக்காரர். கெட்ட மனிதர் இல்லை. வேலை நகர வேண்டும் என்பது அவர் கவலை. கிழவரின் டிரைவர் அரதப் பழசு, அதில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அந்த அட்டையையே இந்தப் பதிப்போடு கழற்றிவிட்டுவிடலாம் என்றார். தங்கை ஒரு வாரம் கேட்டாள். கிழவரின் இடத்துக்குப் புதுசாக ஒரு பெட்டி அனுப்புகிறேன், வாரக் கடைசியில் முடிவு சொல் என்றார் அவர்.

"ஒரு வாரம் வாய்தா வாங்கியிருக்கேன்" என்று கீழே வந்து சொன்னாள்.

அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "யாருக்கு?"

"கிழவருக்கு. அவரைக் கழட்டி விடணுமாம்."

அண்ணியின் கை செருப்பிலேயே நின்றது. அவள் வேலை பார்த்தது இரண்டு தெரு தள்ளி, உடுப்பு வெட்டுகிற ஒரு கூடத்தில். சட்டை, கவுன் எல்லாவற்றுக்கும் அளவு வரைபடத்தைத் திரையில் போட்டு, பெரிய காகிதத்தில் எடுத்து, அதை வைத்துத் துணி வெட்டுவார்கள். வரைபடம் போடுவது அண்ணியின் வேலை. அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் யாரோ கழித்துப் போட்டவை. அத்தனைக்குள்ளும் கிழவருக்குள் இருக்கிற அதே அட்டை. வரைபடப் புரோகிராமுக்குள் இருந்ததோ தங்கையின் லைப்ரரி.

"எங்க முதலாளியம்மா நேத்துதான் சொன்னாங்க" என்றாள் அண்ணி. "புரோகிராம் புதுசு வருதாம். துணி அனுப்பறவங்க இனிமே அந்தப் புதுசுலதான் அளவெல்லாம் அனுப்புவாங்களாம். நம்ம மெஷின்ல அது தெறக்கலைன்னா, வரைபட வேலைய மொத்தமா வெளிய குடுத்துடுவேன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே, எங்க நாத்தனார் இருக்கறவரைக்கும் தெறக்கும்னு சொல்லிட்டு வந்தேன்." பிறகு செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "சிரிச்சிருக்க வேணாமோ?" என்றாள்.

அன்றைக்கு அண்ணன் மாடிக்குப் போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றார். "அந்தத் தாடிக்காரர்கிட்ட நேராச் சொல்லிடேன். எங்க அண்ணியோட வேலை இதுல இருக்குன்னு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்? பொய்யா?"

"பொய் இல்லண்ணா. ஆனா அது கெஞ்சறது. இன்னைக்கு அண்ணிக்காகக் கெஞ்சி நான் வாங்கிட்டேன்னா, அண்ணி இல்லாத ஊர்ல எல்லாம் கிழவர் இருக்காரே, அவங்களுக்கு யார் கெஞ்சுவா? கறை எங்கேருந்து வருதுன்னு காட்டணும். அதுதான் பேச்சு."

அவருக்கு அது பிடிக்கவில்லை. கீழே வந்து, ஒரு சட்டத்தைத் தேவைக்கு அதிகமாகவே தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அவள் கிழவரோடு மல்லுக்கட்டினாள். டிரைவரின் வேறு வேறு பதிப்புகளைப் போட்டுப் பார்த்தாள். நிழல் வரைகிற கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். கறை ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் வேறு உருவத்தில் இருக்கும். நடுவில் தாடிக்காரர் ஒரு குறுக்கு வழி சொன்னார்: கிழவரின் டிரைவர் என்று தெரிந்தால் நிழலே போடாமல் விட்டுவிடலாமே. கழற்றிவிடவும் வேண்டாம், மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். அண்ணியின் புதுப் புரோகிராமில் நிழல் இல்லாவிட்டால் எந்தத் துண்டு மேலே, எது கீழே என்று தெரியாது. அது ஒருபுறம். ஆனால் தங்கை மறுத்ததற்குக் காரணம் வேறு.

"ஏன்னு தெரியாம ஒட்டுப்போட்டா, அது உள்ளேயே இருந்து வேற எங்கயாவது கிழியும்" என்றாள்.

அண்ணன் தம்மால் ஆனதைச் செய்தார். கண்ணாடி துடைக்கிற மென்மயிர்த் தூரிகையைக் கொண்டுவந்து கிழவரின் உள்ளே தூசி தட்டினார். "தூசிதான் கறையா வருதோ?" என்று கேட்டார். தங்கை சிரிக்கவில்லை. "இல்லண்ணா, ஆனா தட்டு. அவருக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அப்போது அவள் கண் கீழ்த் தட்டில் பட்டது. தட்டைச் சுவரோடு பிடித்திருந்த திருகாணிகளில் இரண்டு, ஒரு பாட்டில் மூடியில் கிடந்தன.

"இதை யார் கழட்டினது?"

"புதுப் பெட்டி அகலம் அதிகம்னு சொன்னியே. தட்டை மாத்தணும்ல. சும்மா, அளந்து வைக்கலாம்னு…"

"ஆள் இன்னும் சாகலை. அதுக்குள்ள கட்டிலைக் கழட்டறியா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. தங்கை சட்டென்று, "சும்மா சொன்னேன்ணா" என்றாள். ஆனாலும் திருகாணிகளைத் திரும்ப மாட்ட இருவருக்குமே துணிச்சல் வரவில்லை.

வாய்தா முடிவதற்கு முந்தின நாள் அவளுக்குப் பல் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. நாள் கணக்காக வலியைத் தள்ளிப்போட்டுக் கன்னம் வீங்கிவிட்டிருந்தது. போகும்போது அண்ணனிடம், "நான் வர்றதுக்குள்ள கிழவர்ல அந்த நிழல் படத்தை மட்டும் சில தடவை ஓட்டி வை. இதை அழுத்தினாப் போதும். கறை எப்படி வருதுன்னு போட்டோ எடுத்து வை" என்றாள்.

அவர் கடையைப் பாதி சாத்திவிட்டு மாடிக்கு வந்தார். அவள் சொன்னதை அழுத்தினார். பச்சை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பச்சையேதான். மறுபடி ஓட்டினார், மறுபடி பச்சை. தாம் ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்றுதான் முதலில் பயந்தார்.

தங்கை வாயில் பஞ்சோடு வந்து திரையைப் பார்த்தாள். பஞ்சைத் துப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போல எல்லாப் படங்களையும் வரிசையாக ஓட்டினாள். நிழல் படம் வந்தது. சிவப்பு. கீழ்மூலையில் கறை.

வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்த அண்ணி, "அவர் கைராசி அப்படி. நீ தொட்டா சிணுங்குது" என்றாள்.

"கைராசி எல்லாம் கிடையாது அண்ணி." தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ என்னென்ன பண்ண? ஒண்ணு விடாம சொல்லு."

ஒண்ணு விடாமல் சொல்வது அவருக்குப் பிடித்த வேலை. "வந்தேன். சன்னலைத் திறந்தேன். பெட்டியத் தொட்டுப் பார்த்தேன், கொதிச்சுது. அணைச்சேன். மேல துடைச்சேன். ஆறட்டும்னு ஒரு டீ குடிச்சேன். அப்புறம் போட்டு, நீ சொன்னதை அழுத்தினேன். அடுத்த தடவையும் அதே மாதிரி, அணைச்சு, ஆறவிட்டு…"

"ஒவ்வொரு தடவையும் அணைச்சியா?"

"சூடா இருந்துச்சும்மா. தப்பா?"

வீங்கின கன்னத்தில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரல் அண்ணனுக்குத் தெரியும். பிசிறு கண்ணில் பட்டுவிட்ட உட்காரல்.

பிறகு கிழவரை அணைத்துப் போட்டு நிழல் படத்தை மட்டும் ஓட்டினாள். பச்சை. அணைக்காமல், எழுத்துப் படத்தை முதலில் ஓட்டி, அதன் பின்னால் நிழலை ஓட்டினாள். சிவப்பு. கறையை மட்டும் வெட்டி எடுத்துத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். மங்கலாக, வளைந்து, நுனியில் சுழித்து ஏதோ ஒன்று நின்றது. அந்த லைப்ரரியின் சோதனையில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்தவளே அவள்தான். அதற்கு முன் யாருக்கும் அது தோன்றவில்லை.

"அண்ணா, இது கறை இல்ல. நம்ம 'ழ'வோட வால்."

அண்ணி கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அட, ஆமா! அது எப்படி நிழலுக்குள்ள வந்துச்சு?"

"ஒரு படம் போடணும்னா முதல்ல டிரைவர்கிட்ட வரையறதுக்கு ஒரு பலகை கேட்டு வாங்குவோம் அண்ணி. மத்த டிரைவர் எல்லாம் பலகையத் துடைச்சுக் குடுக்குது. கிழவர் இருக்கறபடியே எடுத்துக் குடுக்கறார். முன்னாடி வரைஞ்சதுல மிச்சம் அதுல ஒட்டிக்கிட்டிருக்கு. அணைச்சுப் போட்டா எல்லாம் அழிஞ்சிடுது, அதான் அண்ணன் கையில பச்சை."

"அப்ப கிழவர் பண்றது தப்புதானே? துடைச்சுக் குடுக்க வேண்டியதுதானே?" என்றார் அண்ணன்.

"துடைச்சுத்தான் தரணும்னு விதியில இல்லண்ணா. துடைக்க வேண்டியது வாங்கினவங்க. நிழலுக்குப் பலகையப் பெருசா வாங்கிட்டு, வரையற இடத்தை மட்டும் துடைச்சிருக்கோம், மூலைய விட்டுட்டோம். மத்தவங்க எல்லாம் நம்ம தப்பை மூடி மூடி வச்சிருக்காங்க. இவர் ஒருத்தர்தான் மூடலை." பிறகு, "அந்த நிழலுக்கான புரோகிராமைப் படிச்சுப் பார்த்து சரின்னு ஒப்புக்கிட்டது நான்தான்" என்றாள்.

அண்ணன் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். அவளுக்கு அது தேவைப்படவில்லை. அதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தாள். மூலையைத் துடைக்க ஒரு வரி போதும். அதை எழுதினாள். கிழவர் பச்சை. அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளோ சோதனைக்கு மட்டும் ஒரு புது ஏற்பாடு செய்தாள். எந்தப் பலகை வாங்கினாலும் முதலில் கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறத்தை அதில் பூசிவிடுவது. துடைக்காமல் விட்ட இடம் எங்கே இருந்தாலும் ரோஸாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் காலை எல்லாப் பெட்டிகளிலும் அதை ஓட விட்டாள். கிழவரின் படங்கள் சுத்தமாக இருந்தன. மாப்பிள்ளையின் திரையில், கோடு கோடாக வரைகிற ஒரு படத்தின் மேல் ஓரத்தில் ரோஸ் பட்டை ஒன்று பளபளத்தது. சிடுமூஞ்சியிலும் அதே இடத்தில் அதே பட்டை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும். கிழவர் மட்டும் எப்படித் தப்பினார் என்று திரும்பிப் பார்த்தால், அவர் அந்தப் படத்துக்கு இன்னும் வந்து சேரவேயில்லை. மெதுவாக வந்து, அவரும் பட்டையைப் போட்டார்.

"மாப்பிள்ளைக்கு உதட்டுச் சாயம் போட்டாச்சு" என்று அண்ணி கைதட்டிவிட்டு வேலைக்கு ஓடினாள். ஆனால் படியில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் வேலை நிற்குமா போகுமா என்பது அன்றைக்கு அந்த அறையில்தான் முடிவாக வேண்டியிருந்தது.

தாடிக்காரர் திரையில் வந்தபோது அண்ணன் டீயை வைக்கிற சாக்கில் உள்ளே போய், வெளியே வராமல் சுவரோரம் நின்றுகொண்டார். அவர்கள் பேசுகிற பாஷை அவருக்கு அரைகுறை. ஆனால் தங்கை தன் மார்பில் விரலை வைத்து ஒன்று சொன்னது புரிந்தது. தப்பு கிழவருடையது இல்லை, நம்முடையது, சரி என்று விட்டது நான் என்று. சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. குரல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை. அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு 'ழ'வின் வாலைக் காட்டினாள். கடைசியாக அந்த ரோஸ் பட்டையைக் காட்டினாள். தாடிக்காரரின் கை தாடியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கோடுகளை வரைகிற பகுதியை எழுதியவர் அவர்தான். பல வருஷமாக அது எல்லோருடைய திரையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

பின்பு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, தலையைக் குனிந்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அண்ணன், திரை அணைந்ததும்.

"கிழவர் இருக்கட்டுமாம். இருக்கணுமாம். இனிமே எந்தப் பதிப்பும் அவரைக் கேட்காம வெளிய போகக் கூடாதாம்."

அண்ணன் கீழே போய்த் திருப்புளியை எடுத்து வந்தார். பாட்டில் மூடியில் கிடந்த இரண்டு திருகாணிகளையும் மாட்டி முறுக்கினார். தட்டை ஆட்டிப் பார்த்தார், மறுபடி ஆட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அளவுநாடாவை எடுத்து, வரப்போகிற புதுப் பெட்டிக்குக் கதவுக்கு மேலே ஒரு தட்டு அடிக்க இடம் அளந்தார்.

புதுப் பதிப்பு வெளியே போய், வரைபடப் புரோகிராமும் புதுசாகி, உடுப்புக் கூடத்துக்கு வந்து சேர்ந்த நாளில் அண்ணி வேலையிலிருந்தே போன் போட்டாள். அண்ணனும் தங்கையும் கடையில், போனைப் பெரிய சத்தத்தில் மேசைமேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெறந்துடுச்சு!" என்றாள் அண்ணி. பின்னால் பல பெண்களின் குரல். "எல்லா மெஷின்லயும் தெறந்துடுச்சு. நிழலும் அழகா விழுது. எந்தத் துண்டு மேல, எது கீழன்னு பளிச்சுனு தெரியுது. முதலாளியம்மாவே வந்து பார்த்துட்டுப் போனாங்க, வேலை இங்கயேதானாம்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பிசிறு, ஒண்ணு சொல்லணும். சட்டைக் கை வளையற இடத்துல லேசா ஏதோ நீட்டிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு…"

தங்கை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எந்த மெஷின்ல அண்ணி? உள்வளைவா, வெளிவளைவா? எதையும் தொடாதீங்க, அணைச்சுடாதீங்க!"

"ஏய், சும்மா சொன்னேன்டி! விளையாட்டுக்கு!"

போன் மேசைமேல் கத்திக்கொண்டிருந்தது. அவள் அதற்குள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "போகட்டும் விடு" என்று போனிடம் சொன்னார். "நீ விளையாட்டுக்குச் சொன்ன. அவ பார்த்தா நிஜமாவே ஒண்ணு இருக்கும்."